குட்டி யானைக்கு ஷாக் மாற்றுவது: எதை வாங்கலாம், எங்கே மாட்டலாம்

ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டி 14 கிலோ கணக்கு. 50 பெட்டி ஏற்றினால் 700 கிலோ. பெட்டியின் சொந்த எடையையும் சேர்த்தால், குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸுக்குக் கம்பெனி சொன்ன 750 கிலோ லோடு அதோடு முடிந்துவிடும். கள்ளிமந்தையம் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து விடியுமுன் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கும்போது, அடிப்பெட்டியில் சாறு வடிந்தால் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். போன வருடம் எங்கள் வண்டியில் அப்படித்தான் வடிய ஆரம்பித்தது. பெட்டி அடுக்கியதில் குறை என்று நினைத்து, வைக்கோல் போட்டுப் பார்த்தேன். குறையவில்லை. ஒருநாள் பைக்கில் பின்னால் வந்த என் மச்சினன்தான் சொன்னான்: "மாமா, வேகத்தடை தாண்டினதுக்கு அப்புறமும் பின்பக்கம் நாலு தடவ குதிக்குது. பாத்துக்கிட்டே வந்தேன்."

பின் ஷாக் (ஷாக் அப்சார்பர்) இரண்டும் போயிருந்தன. மாற்றுவதற்கு முன் கடைக்காரர் ஒன்று சொன்னார், மெக்கானிக் ஒன்று சொன்னார், ஸ்டாண்டில் இருக்கும் மற்ற டிரைவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எண்ணெய் மாற்றினால் போதும் என்றார் ஒருவர், கேஸ் ஷாக்தான் போட வேண்டும் என்றார் இன்னொருவர். நான்கு வழிகளையும் விசாரித்து, இரண்டைச் செய்தும் பார்த்த பிறகு எழுதுகிறேன். சொந்த வண்டி வைத்து ஓட்டுபவர்களுக்கு இது உதவ வேண்டும்.

ஷாக்தானா என்று முதலில் பாருங்கள்

ஷாக் எடையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது பட்டை, அதாவது லீஃப் ஸ்ப்ரிங். பட்டை ஒருமுறை அழுங்கினால் தானாக நிற்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் பிஸ்டன், பிஸ்டனில் சின்னத் துளைகளும் வால்வும். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போகிறது. அந்த நெருக்கத்தில் ஆட்டம் முழுவதும் சூடாக மாறி வெளியே போய்விடும்.

இது புரிந்தால் பாதிப் பணம் மிச்சம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறதா? அது பட்டை, ஷாக் இல்லை. எடை ஏற்றினால் பின்பக்கம் தரையைத் தொடுகிறதா? அதுவும் பட்டை, இல்லாவிட்டால் எடை அதிகம். குழியில் இறங்கும்போது டக் டக் என்று சத்தமா? பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்ஷும், பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டும் முதலில் பார்க்க வேண்டியவை. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தச் சத்தத்துக்காக நான் பின் ஷாக் இரண்டையும் மாற்றினேன். மாற்றிய பிறகும் அதே சத்தம். கடைசியில் பட்டறையில் ஷேக்கிளைக் கடப்பாரையால் நெம்பிக் காட்டினார்கள். புஷ் தேய்ந்து, ஷேக்கிளின் இரும்புப் பின் (pin) உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. ஷாக்கோடு ஒப்பிட்டால் புஷ்ஷுக்கு ஆன செலவு ஒன்றுமே இல்லை.

வண்டியின் மூலையை அமுக்கி விட்டு, எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்ப்பது காருக்குச் சரி. பட்டை வைத்த சரக்கு வண்டியைக் கையால் அமுக்கினால் அசையவே அசையாது. அசைந்தாலும் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி ஆட்டத்தை நிறுத்திவிடும், ஷாக் நன்றாக இருப்பது போலத் தெரியும். அதை நம்பாதீர்கள்.

நான் நம்புவது சூட்டைத்தான். மேடு பள்ளமான ரோட்டில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் ஷாக்கின் உடம்பைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சைலன்சர் பக்கத்தில் இருக்கும், கவனம். வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும். ஒரே அச்சில் ஒன்று சூடாகவும் மற்றது ஜில்லென்றும் இருந்தால் ஜில்லென்று இருப்பது செத்துவிட்டது. எங்கள் வண்டியில் இடது பக்கம் வெதுவெதுப்பு, வலது பக்கம் காலையில் நின்ற வண்டி போல இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி ஜில்லென்று இருந்தால் இரண்டும் போய்விட்டது என்று அர்த்தம்.

எண்ணெய்க் கசிவையும் பாருங்கள். மேல்பாதியில் லேசாக ஈரம் படிந்து புழுதி ஒட்டியிருந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை. கீழ்ப்பாதி வரை வழிந்து, புழுதியும் எண்ணெயும் கலந்து விரலால் வழிக்கும் அளவுக்குக் கரி போலப் படிந்திருந்தால் உள்ளே எண்ணெய் இல்லை. டயரையும் கையால் தடவிப் பாருங்கள். அங்கங்கே திட்டுத் திட்டாகத் தேய்ந்து மேடு பள்ளமாக இருந்தால் சக்கரம் ரோட்டை விட்டு எகிறி எகிறி ஓடியிருக்கிறது. ஷாக்கை மாற்றாமல் இன்னும் ஓட்டினால் அந்த டயரும் போகும்.

எண்ணெய் மாற்றிய ஷாக்

விலை குறைவு என்பதால் எல்லாரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். பழைய ஷாக்கைக் கொடுத்தால் திறந்து, எண்ணெய் கசியாமல் பிடிக்கும் சீலை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, பெயின்ட் அடித்துத் தருவார்கள். நான் ஒருமுறை செய்திருக்கிறேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. மழைக்காலம் வந்ததும் மறுபடியும் வழிய ஆரம்பித்தது.

ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. சீல் தானாகக் கெடுவது குறைவு. பளபளவென்று இருக்க வேண்டிய ராடில் (பிஸ்டன் கம்பி) துரு ஏறிப் புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளிதான் ஒவ்வொரு அசைவிலும் சீலைச் சுரண்டுகிறது. ராடை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றினால் புது சீலும் அதே மாதிரி சுரண்டப்படும். தேய்ந்த வால்வும் அப்படியேதான் இருக்கும். சின்ன வண்டிகளின் ஷாக் திறந்து மூடுவதற்காகச் செய்ததும் இல்லை. மேல் விளிம்பை மடித்து ஒரேயடியாக மூடிவிடுகிறார்கள். அதை அறுத்துத் திறந்து, மறுபடி வெல்டு வைத்து மூடும்போது உள்ளே ஒரு இரும்புத் தூள் போனாலும் வால்வு கெட்டுவிடும். ஊற்றும் எண்ணெய் கெட்டியாக இருந்தால் அதிகாலைக் குளிரில் ஷாக் கம்பி மாதிரி விறைத்து நிற்கும்.

புது ஷாக்கே பெரிய விலை இல்லாத ஏஸ் போன்ற வண்டிக்கு இது வேண்டாம். உதிரிபாகம் கிடைக்காத பழைய வண்டி வைத்திருப்பவருக்கு வேறு வழியில்லை, அவர் கதை வேறு.

பேர் இல்லாத ஷாக்

அட்டைப்பெட்டியில் கம்பெனிப் பெயர் இருக்காது, இருந்தாலும் கேள்விப்படாத பெயராக இருக்கும். பிராண்டு ஷாக்கின் விலையில் பாதிக்குக்கூடக் கிடைக்கும். மாட்டிய அன்றைக்கு வித்தியாசமே தெரியாது, அதுதான் சிக்கல். ராடின் மேல் பூச்சு மெல்லியது, போல்ட் நுழையும் வளையமான கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ் மட்டமானது. முதலில் புஷ் பிதுங்கும், அப்புறம் கண் போல்ட்டில் உரச ஆரம்பிக்கும்.

எங்கள் ஸ்டாண்டில் ஒருவர் வருடத்துக்கு இரண்டு தடவை இதை மாற்றுகிறார். அவர் கணக்கில் அது லாபம். ஆனால் ஒவ்வொரு தடவையும் வண்டி அரைநாள் நிற்கிறது, அந்த வாடகையை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பில் போட்ட சரக்குக்கும் பில் இல்லாத சரக்குக்கும் இருந்த வித்தியாசம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்று கடைக்காரர் சொன்னால், குறைக்கும் தொகை முன்னைப்போலப் பெரியதல்ல. பில் இல்லாமல் வாரன்டியும் இல்லை.

கம்பெனி பார்ட்டா, வெளி பிராண்டா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஒன்று, டாடா பெயர் போட்ட பெட்டியில் டீலரிடம் கிடைக்கும் ஜெனுவின் பார்ட். மற்றது, ஷாக் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் கேப்ரியல், மன்ரோ போன்ற பிராண்டுகள் வெளிக்கடையில் விற்பது.

வண்டிக் கம்பெனிகள் பொதுவாக ஷாக்கைத் தாங்களே செய்வதில்லை, அதற்கென்று இருக்கும் கம்பெனிகளிடம் செய்து வாங்குகின்றன. கேப்ரியல் இந்தியா 1961-இல் தொடங்கியது. நம் ஓசூரிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. டாடா, மகிந்திரா, அசோக் லேலண்ட் என்று பல கம்பெனிகளுக்கு ஷாக் செய்து கொடுப்பவர்கள். அதனால் வெளி பிராண்டு என்றாலே இரண்டாம் தரம் என்று நினைக்க வேண்டியதில்லை.

ஜெனுவினில் ஒரு நிம்மதி உண்டு. சேசிஸ் எண்ணைச் சொன்னால் உங்கள் வண்டிக்கு எந்த ஷாக் என்று சரியாக எடுத்துத் தருவார்கள். ஏஸ் 2005-இல் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வகை வந்துவிட்டது. "ஏஸ் பின் ஷாக்" என்று மட்டும் சொன்னால் வெளிக்கடையில் வேறு வகைக்கு உள்ளதை எடுத்துக் கொடுத்துவிடலாம். விலை கொஞ்சம் கூட, சில சமயம் வரவழைக்க இரண்டு மூன்று நாள் ஆகும்.

வெளி பிராண்டு அன்றைக்கே கையில் கிடைக்கும், விலையும் கொஞ்சம் குறைவு. ஆனால் பேர்பெற்ற பிராண்டுக்கு டூப்ளிகேட்டும் உண்டு. அதனால் நம்பிக்கையான கடையில், பில்லோடு வாங்க வேண்டும். பெட்டியின் மேலுள்ள பார்ட் நம்பரும் ஷாக்கின் உடம்பில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். பழைய ஷாக்கைக் கழற்றி எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. முழுக்க நீட்டினால் இரண்டும் ஒரே நீளமா, முழுக்க அமுக்கினால் ஒரே நீளமா, கண்ணின் அகலமும் போல்ட் துளையும் ஒன்றா என்று கடையிலேயே அளந்துவிடுங்கள். நான் ஒரு டேப்பை எடுத்துப்போனேன். கடைக்காரர் ஒன்றும் நினைக்கவில்லை. அவரே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

நான் வாங்கியது வெளி பிராண்டு, ஜோடியாக. மறுபடி வாங்கினாலும் அதையே வாங்குவேன். வண்டி புதிதாக இருந்து வாரன்டியும் மிச்சம் இருந்தால் ஜெனுவினைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம்.

கேஸ் ஷாக் என்றால்

சாதாரண ஷாக்கில் இரண்டு குழாய். உள்குழாயில் பிஸ்டன், வெளிக்குழாயில் மிச்ச எண்ணெயும் அதற்கு மேலே கொஞ்சம் காற்றும். மோசமான ரோட்டில் வேகமாக ஆடும்போது காற்றும் எண்ணெயும் கலந்து நுரைத்துவிடும். நுரை துளைகள் வழியாகச் சுலபமாகப் போய்விடும், அதனால் பிடிமானம் குறையும். இதைத் தடுக்கக் காற்றுக்குப் பதில் லேசான அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்து வைப்பதுதான் இரண்டு குழாய் கேஸ் ஷாக். ஒரே குழாய் வைத்த கேஸ் ஷாக் வேறு. அதில் அழுத்தம் மிக அதிகம், எண்ணெயையும் கேஸையும் தனிப் பிஸ்டன் பிரிக்கிறது, சூட்டை நன்றாக வெளியேற்றும், விலையும் அதிகம்.

"கேஸ் போட்டால் லோடு கூட ஏத்தலாம்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அது தப்பு. ஷாக்குக்கும் லோடு அளவுக்கும் சம்பந்தமில்லை என்று மேலேயே சொன்னேன். கேஸ் அழுத்தத்தால் வண்டி ஒரு நூல் உயரலாம், அவ்வளவுதான்.

நம் வேலைக்கு வேறு ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். பாதி ஓட்டம் லோடோடு, பாதி ஓட்டம் காலியாக. கெட்டியான ஷாக் லோடில் நன்றாக இருக்கும், காலியாகத் திரும்பும்போது ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். மலைப்பாதையில் தினமும் ஓட்டுபவர், நான்கு வழிச்சாலையில் மணிக்கணக்கில் போகிறவர், இவர்களுக்கு இரண்டு குழாய் கேஸ் ஷாக் கொடுக்கும் பணத்துக்குத் தகும். தோட்டத்துக்கும் சந்தைக்கும் இருபது முப்பது கிலோமீட்டர் போய்வரும் எனக்குச் சாதாரண எண்ணெய் ஷாக்கே போதும். வித்தியாசத் தொகையை ஷேக்கிள் புஷ்ஷுக்குச் செலவழிப்பேன்.

கூடுதலாகப் பட்டை போட்டவர்கள்

நம் பக்கம் வண்டி வாங்கியதும் பின்னால் ஒரு பட்டை கூடுதலாகப் போடுவது பெரும்பாலானோரின் வழக்கம். அது சரியா தப்பா என்று இங்கே பேசவில்லை. ஆனால் அப்படிப் போட்டவர்கள் ஷாக் வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

பட்டை கூடினால் வண்டி உயரும். உயர்ந்தால் ஷாக் எப்போதும் நீண்ட நிலையிலேயே நிற்கும். குழியில் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழு நீளத்தை எட்டி, அதற்கு மேல் போக இடமில்லாமல் உள்ளேயே அடித்துக்கொள்ளும். கண் பிய்ந்துபோவதும், மேல் பிராக்கெட் விரிசல் விடுவதும் பெரும்பாலும் இதனால்தான். காலி வண்டி சமதரையில் நிற்கும்போது மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று அளந்து, வாங்கப்போகும் ஷாக்கின் முழு நீளத்தோடு ஒப்பிடுங்கள். இன்னும் நீள மூன்று நான்கு அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

அடுத்தது, பட்டை கெட்டியானால் அது திருப்பி எகிறும் வேகமும் கூடும். கம்பெனி போட்ட ஷாக் கம்பெனி போட்ட பட்டைக்காகச் செய்தது. கூடுதல் பட்டையோடு அது சீக்கிரம் களைத்துவிடும். இவர்கள் பிராண்டுகளில் கொஞ்சம் கெட்டியான வகை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். பேர் இல்லாத ஷாக்கை மட்டும் போடவே கூடாது.

இரண்டா, நான்கா

ஒன்றை மட்டும் மாற்றுவது வேண்டாம். ஒரே அச்சில் ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அச்சுக்கு இரண்டாக மாற்றுங்கள். நான்கையும் சேர்த்து மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. சரக்கு வண்டியில் பின்பக்கம்தான் அடி வாங்கும், முன்பக்கம் சூடு பார்த்ததில் சரியாக இருந்தால் விட்டுவிடலாம். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டியிருப்பதால், எஃப்.சி.க்கு ஒரு மாதம் முன்னால் நான்கையும் பார்த்துவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் ஓடினால் கிடைத்ததை வாங்கி மாட்ட வேண்டி வரும்.

வீட்டில் மாட்டலாமா

எங்கள் ஏஸில் முன்னும் பின்னும் பட்டைதான். ஷாக் தனியாக நிற்கிறது. மேலே ஒரு நட், கீழே ஒரு நட். கழற்றினால் எதுவும் பாய்ந்து வராது. அதனால் வீட்டு வாசலில் செய்யலாம். எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. மாருதி சூப்பர் கேரி மாதிரி முன்பக்கம் ஸ்ட்ரட் வைத்த வண்டிகளில் ஷாக்கும் காயில் ஸ்ப்ரிங்கும் சேர்ந்தே இருக்கும். அமுங்கிய அந்த ஸ்ப்ரிங்கைச் சரியான கருவி இல்லாமல் அவிழ்த்தால் ஆளையே அடித்துவிடும். அதை வீட்டில் தொட வேண்டாம், பின்பக்கம் மட்டும் செய்துகொள்ளலாம்.

வீடா பட்டறையா என்பதை என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது துருதான். கூலி அதற்கு அப்புறம். முதல் நாள் மாலை நட்டுகளை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் ரிங் ஸ்பேனரைப் போட்டு இழுத்துப் பாருங்கள். முனகிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்தால் வீட்டில் முடிக்கலாம். துளியும் நகராமல், ஸ்பேனருக்குக் குழாய் மாட்டித் தொங்க வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். சேசிஸோடு சேர்ந்திருக்கும் ஸ்டட் (நட் ஏறும் மரைக் கம்பி) முறிந்தால் வெல்டிங் வேலையாகி, ஒரு நாள் வாடகை போய்விடும். நெருப்பு வைத்து நட்டைச் சூடாக்கும் பழக்கமும் இங்கே கூடாது. ஷாக் மூடிய குழாய், உள்ளே எண்ணெயும் சில வகையில் கேஸும் இருக்கிறது, வெடிக்கும்.

இன்னொரு ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்கிறது, கியரும் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிய அந்த நொடியே இரண்டும் வேலை செய்யாது, வண்டி உருளலாம். தூக்குவதென்றால் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்தே ஆக வேண்டும். தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போகக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எதையும் ஸ்டாண்டாக வைக்காதீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

நான் தூக்கவே இல்லை. இரண்டு அகலப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்துப் படி மாதிரி செய்து, பின் சக்கரங்களை அதன்மேல் ஏற்றி நிறுத்தினேன். காலி வண்டி, சமதரை, முன் சக்கரங்களுக்கும் கட்டை. அடியில் கை நுழைய இடம் கிடைத்தது, வண்டியும் சக்கரத்தின் மேலேயே நிற்கிறது. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம், ரப்பர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாலும் சரி. மேல் நட், கீழ் நட் என்று கழற்றி, ஷாக்கை இரண்டு பக்கமும் ஆட்டி இழுத்தால் வந்துவிடும். எங்கள் வலது பக்க ஷாக்கைக் கழற்றி நிறுத்தி ராடை இழுத்தபோது சுண்டுவிரலால் இழுக்கிற மாதிரி சுலபமாக வந்தது. உள்ளே குளுக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. புதிதை இழுக்க மச்சினன் இரண்டு கையும் போட வேண்டியிருந்தது.

புது எண்ணெய் ஷாக்கை அப்படியே மாட்டக் கூடாது. கடையில் படுக்கவைத்தே இருந்திருக்கும், உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். வண்டியில் நிற்கும் அதே வாக்கில் நிமிர்த்திப் பிடித்து, முழுக்க இழுத்து முழுக்க அமுக்குங்கள். முதல் இரண்டு தடவை நடுவில் ஓரிடத்தில் வெறுமையாக வழுக்கும். ஐந்தாறு தடவையில் அந்த வெறுமை போய், மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கனக்கும். அதற்குப் பிறகு படுக்கவைக்காமல் மாட்டுங்கள். கேஸ் ஷாக் என்றால் பட்டி கட்டி வந்திருக்கும். ஒரு முனையை மாட்டிய பிறகு, கையை விலக்கி வைத்துக்கொண்டு பட்டியை அறுக்க வேண்டும். அறுத்ததும் தானாக நீளும்.

ராடை மட்டும் பிளையராலோ வைஸிலோ பிடித்துவிடாதீர்கள். தலைமுடி அளவு கீறல் விழுந்தாலும் அந்தக் கீறல் சீலைத் தின்ன ஆரம்பித்து, பணம் போட்டு வாங்கிய புது ஷாக் சில மாதத்தில் வழிந்துவிடும். ராடில் பெயின்ட், கிரீஸ் எதுவும் பூச வேண்டாம்.

நைலான் வைத்த நட் என்றால் புதிது போடுங்கள், ஒருமுறை கழற்றியது பிடிக்காது. முதலில் இரண்டு முனையையும் கையால் மட்டும் முடுக்குங்கள். கடைசி முடுக்கு, வண்டி நான்கு சக்கரத்தில் தன் எடையோடு நிற்கும்போதுதான். அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போது முடுக்கினால் கண்ணில் உள்ள ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் முறுக்கிக்கொள்ளும், தினமும் முறுகி முறுகிச் சீக்கிரம் கிழியும். பலகை மேல் நிறுத்திச் செய்வதன் லாபம் இதுதான், ஆரம்பம் முதலே வண்டி சரியான உயரத்தில் நிற்கிறது. சில வண்டிகளில் மேல் முனை கண்ணாக இல்லாமல் கம்பியாக இருக்கும், மேலும் கீழும் ரப்பர் வரும். அங்கே ரப்பர் லேசாகப் பிதுங்கி வாஷரின் விளிம்பைத் தொடும் வரை முடுக்கினால் போதும், அதற்கு மேல் போனால் ரப்பர் நசுங்கிவிடும்.

அடியில் இருக்கும்போதே பிரேக் ஹோஸ் ஷாக்கின் மேல் உரசுகிறதா, ஷேக்கிள் புஷ்ஷில் ஆட்டம் இருக்கிறதா, யூ போல்ட் நட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்னொரு தடவை அடியில் போவதற்கு மனது வராது.

இரண்டு பக்கமும் சேர்த்து எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. அதில் ஒன்றரை மணி நேரம் இடது கீழ் நட்டுக்கே போனது. பட்டறையில் இதை ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பார்கள். கூலியும் பெரிதாக வராது. ஞாயிற்றுக்கிழமை வண்டி சும்மா நிற்கிறது, கையில் ஸ்பேனர் செட் இருக்கிறது என்றால் வீட்டில் செய்யுங்கள். ஸ்பேனர், ஜாக்கி, ஸ்டாண்டு எல்லாம் இதற்காகவே வாங்க வேண்டுமென்றால் பட்டறைதான் மலிவு. ஷாக்கை மட்டும் நீங்களே பார்த்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள். வண்டியை இறக்கிய பிறகு கடைசி முடுக்கு முடுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

மாட்டியதும் லோடு ஏற்றாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். 500 கிலோமீட்டரில் மறுபடியும் ஸ்பேனர் போட்டு முடுக்குங்கள், ரப்பர் உட்கார்ந்து கொஞ்சம் இளகியிருக்கும். எங்கள் வண்டியில் மேல் நட்டுகள் கால் சுற்று வாங்கின.

பழைய ஷாக்கைக் காயலான் கடைக்குப் போடும்போது எண்ணெய் ஷாக்கா கேஸ் ஷாக்கா என்று சொல்லிக் கொடுங்கள். கேஸ் ஷாக்கைத் தெரியாமல் அறுத்தால் கையைப் பதம் பார்த்துவிடும்.